கடைசி வாரங்களை எங்கே கழிப்பது: வீடா, மருத்துவமனையா, ஹாஸ்பிஸா?

"சிஸ்டர், அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போய்விடலாமா, இல்லை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா?"

வார்டுக்கு வெளியே, சுவரோரமாக நின்றுகொண்டுதான் பெரும்பாலும் இதைக் கேட்பார்கள். கேட்பவர் மூன்று இரவுகள் தூங்காதவராக இருப்பார். நான் அடுத்த கட்டிலுக்கு மருந்து எடுத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பேன். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமில்லை இது. இருபத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து, அதில் பாதிக்கு மேல் நோய்த் தணிப்புப் பிரிவில், அதாவது குணமாகாத நோயின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் பிரிவில் கழித்தவள் நான். அந்தச் சுவரோரத்தில் சொல்ல முடியாமல் போனதை இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

பலருக்கு முதலில் ஒரு குற்றவுணர்வு இருக்கும்: குணமாக்கத்தானே மருத்துவமனை, இனிக் குணமாகாது என்று ஆன பிறகு நர்ஸிடம் கேட்க என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. செவிலியர் பணி என்றால் என்ன என்று 1966இல் அமெரிக்கச் செவிலியர் வர்ஜீனியா ஹென்டர்சன் எழுதிய வரையறையை நாங்கள் முதலாம் ஆண்டிலேயே படித்துவிடுவோம். உடல்நலத்துக்கும் நோயிலிருந்து மீள்வதற்கும் துணைசெய்வதோடு அமைதியான மரணத்துக்குத் துணைசெய்வதையும் அவர் அதற்குள்ளேயே வைத்திருந்தார். பத்தொன்பது வயதில் மனப்பாடம் செய்த அந்த வரியின் கனம் எனக்குப் புரியப் பத்து ஆண்டுகள் ஆயின.

வீடு, மருத்துவமனை, சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிப்பதற்கென்றே இருக்கும் ஹாஸ்பிஸ் என்ற மூன்று இடங்களை ஒப்பிட வேண்டுமென்றால் அளவுகோல் ஒன்று வேண்டும். எனக்கு அதைத் தந்தவர் சிசிலி சாண்டர்ஸ். முதலில் செவிலியராகவும், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், அதன்பின் மருத்துவராகவும் இருந்தவர். 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். சாகும் மனிதரின் வலி உடலோடு முடிவதில்லை என்றார். உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பமும் பணமும் பொறுப்பும் தரும் வலி, வாழ்ந்ததற்கு என்ன பொருள் என்று கேட்கும் ஆன்மாவின் வலி, இவை நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன என்பதைத்தான் 'முழு வலி' என்று அழைத்தார். வார்டில் இதை நான் தினமும் பார்க்கிறேன். வலுவான வலிநிவாரணியான மார்பினின் அளவை இருமுறை கூட்டியும் அடங்காத முதுகுவலி, பேசாமலிருந்த தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்த அன்று பாதியாகக் குறைந்திருக்கிறது. அந்த வலி பொய்யென்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். அதன் ஒரு வேர் மருந்து எட்டாத இடத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

இந்த நான்கோடு என் பங்குக்கு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: இரவு. பகலில் எந்த இடமும் சமாளிக்கக்கூடியதாகத்தான் தெரியும். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் அங்கே யார் இருக்கிறார்கள், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மூன்று இடங்களுக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் தெரியும்.

அவருக்குத் தெரியுமா?

இடத்தைப் பற்றிப் பேசுமுன் இதைத் தீர்த்தாக வேண்டும். "அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்று கெஞ்சாத குடும்பம் குறைவு. அந்தக் கெஞ்சலின் பின்னால் இருப்பது அன்பு. ஆனால் அம்மாவுக்குத் தெரியாமல் அம்மா எங்கே சாக வேண்டும் என்பதை நான்கு பேர் கூடி முடிவுசெய்வது எப்படி நியாயமாகும்?

கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் நீண்ட காலம் உட்கார்ந்து கவனித்து 1965இல் நான்கு நிலைகளை எழுதினார்கள். நோயாளிக்கு எதுவும் தெரியாத நிலை ஒன்று. அவர் சந்தேகப்படும் நிலை அடுத்தது. எல்லோருக்கும் தெரிந்தும் எல்லோரும் தெரியாததுபோல் நடிக்கும் நிலை மூன்றாவது. வெளிப்படையாகப் பேசிக்கொள்ளும் நிலை கடைசி. என் அனுபவத்தில் முதல் நிலை சில நாட்கள்கூட நீடிப்பதில்லை. எல்லோரும் கால் ஊன்றி நிற்பது மூன்றாவதில்தான்.

ஓர் அம்மா என்னிடம் தினமும் தேதி கேட்பார். பேரனின் தேர்வு முடியும் நாள்வரை விரல்விட்டு எண்ணுவார். ஒரு நாள் எண்ணி முடித்துவிட்டு, "அதுவரைக்கும் இழுக்குமா சிஸ்டர்?" என்றார். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில், "என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள், எனக்குத் தெரியும் என்று தெரிந்தால் உடைந்துபோவாள்" என்றார். அன்று காலைதான் மகள் இதே சொற்களை அவரைப் பற்றி என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரே கட்டிலின் இரண்டு பக்கங்களிலும் உட்கார்ந்து இருவரும் தனித்தனியே அழுதுகொண்டிருந்தார்கள்.

போட்டு உடைக்க வேண்டிய அவசியமில்லை. "உங்கள் உடம்பு எப்படிப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?" என்று தொடங்கலாம். "இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?" என்று அடுத்துக் கேட்கலாம். எதுவும் தெரிய வேண்டாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவர் உரிமை. அப்போது, "யாரிடம் பேசட்டும், யார் சொல்வது உங்கள் சொல்லாக இருக்கட்டும்?" என்றாவது அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவமனை

மருத்துவமனையைக் கெட்ட இடமாகக் காட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். முற்றிய நோயிலும் சிகிச்சையால் திருப்பக்கூடிய இடர்கள் உண்டு. புற்றுநோயாளி திடீரென்று குழம்பிப் பிதற்றினால் அது முடிவின் தொடக்கமாகவும் இருக்கலாம். இரத்தத்தில் கால்சியம் ஏறியதாகவோ சிறுநீர்த் தொற்றாகவோ இருந்தால் சில நாள் சிகிச்சையில் மனிதர் தெளிந்து எழுந்து உட்காரவும் கூடும். ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இப்போது நடப்பதில் திருப்பக்கூடியது ஏதாவது இருக்கிறதா?" இருக்கிறது என்றால், அதைச் செய்துகொள்ள அவரும் விரும்பினால், மருத்துவமனைதான் சரி. அதற்கு ஒரு காலவரையறை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் பார்ப்போம், எது மேம்பட்டால் தொடர்வோம், எது மேம்படாவிட்டால் நிறுத்துவோம் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டால், நான்காம் நாள் அந்தச் சுமை ஒருவர் தலையில் மட்டும் விழாது.

திருப்பக்கூடியது எதுவும் இல்லை என்று ஆன பிறகு ஐ.சி.யு. கதவுக்குள் அனுப்புவது வேறு கதை. வென்டிலேட்டர் குழாய் தொண்டைக்குள் போனால் பேச்சு போய்விடும். குழாயைப் பிடுங்காமலிருக்கக் கைகளைக் கட்ட வேண்டியும் வரலாம். உறவினர் பார்ப்பது குறித்த நேரத்தில், ஒருவர் பின் ஒருவராக. இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவோம், வயதானவரின் விலா எலும்புகள் எங்கள் கைக்குக் கீழே முறிவது கேட்கும். இப்படி நெஞ்சை அழுத்தி இதயத்தை மீண்டும் இயக்கப் பார்ப்பதுதான் சி.பி.ஆர். மருத்துவமனைக்குள்ளேயே செய்யப்படும் சி.பி.ஆரிலும் பெரும்பாலானோர் உயிரோடு வீடு திரும்புவதில்லை. நோய் உடலெங்கும் பரவியவர்களுக்கு வாய்ப்பு இன்னும் மிகக் குறைவு. "எல்லாம் செய்யுங்கள்" என்று கையெழுத்திடும் பிள்ளைக்கு அந்த 'எல்லாம்' என்ன என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொல்லாதது எங்கள் குற்றம். முன்பு ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தபோது நானும் சொல்லாமல் படிவத்தை நீட்டியிருக்கிறேன். அந்த முகங்கள் இன்னும் நினைவிருக்கின்றன.

சாதாரண வார்டு இவ்வளவு கொடுமையானதன்று. தனியாக வாழும் முதியவர்களுக்கும், மருத்துவர் கண்ணெதிரே இருந்தால்தான் பயம் அடங்கும் என்ற சுபாவம் உள்ளவர்களுக்கும் அது பொருந்தலாம்.

வீடு

வீட்டில் மனிதர் நோயாளி என்ற வேஷத்தைக் கழற்றிவிடுகிறார். வார்டில் கட்டில் எண்ணாக இருந்தவர், வீட்டில் பேத்தியின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்ப்பார். தண்ணீர்த் தொட்டியை யார் நிரப்பினார்கள் என்று அதட்டுவார். குடும்பத்தில் தனக்கிருந்த இடத்தைக் கடைசிவரை வைத்திருப்பது மனத்தின் வலிக்கு மிகப்பெரிய மருந்து. நான்கு வலிகளில் இரண்டையாவது வீடு தானாகவே பாதி குறைத்துவிடும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் உடலின் வலிக்கு வீடு தானாக எதுவும் செய்யாது. வீட்டில் நோய்த் தணிப்புக் குழுவின் துணை கிடைப்பவர்கள், தாங்கள் விரும்பியபடி வீட்டிலேயே இறக்கும் வாய்ப்பு அந்தத் துணை இல்லாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று 2013இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. அன்பு எல்லா வீட்டிலும் இருந்தது. வந்து பார்க்கும் செவிலியரும் கையில் மருந்தும் சில வீடுகளில் மட்டும் இருந்தன.

வீடு என்று முடிவெடுத்தால் என்னென்ன வரும் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். மார்பினைக் கண்டு பயப்படுவீர்கள். கொடுத்தால் அடிமையாகிவிடுவார், மூச்சு நின்றுவிடும் என்பார்கள். வலிக்காக, மருத்துவர் எழுதிய அளவில், படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கப்படும் மார்பின் பொதுவாக அப்படிச் செய்வதில்லை. முதல் சில நாட்கள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியவே தணியாது; அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். வேளா வேளைக்குக் கொடுக்கும் மருந்து தனி. இடையில் வலி கிளம்பினால் கொடுக்க வேண்டிய கூடுதல் மருந்து தனி. இந்த இரண்டாவது எழுதப்படாத சீட்டுடன் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

மூச்சிரைக்கும்போது ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடுமுன், தலையை உயர்த்திவிட்டு முகத்துக்கு நேரே சின்ன விசிறியை வையுங்கள். கன்னத்தில் காற்று படுவதே மூச்சிரைப்பைக் குறைக்கும். இரவில் திடீரென்று கட்டிலை விட்டு எழப் பார்த்துத் தவித்தால் தூக்க மருந்து கேட்குமுன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டிருப்பது பல நேரம் அங்கே தெரிந்துவிடும். கடைசி நாட்களில் தொண்டையில் கொரகொரவென்று ஒரு சத்தம் வரும். கேட்பவரின் நெஞ்சைப் பிளக்கும் சத்தம் அது. அந்த நேரத்தில் அவர் பெரும்பாலும் நினைவிழந்து ஆழ்ந்திருப்பார், அதனால் அவர் துன்பப்படுவதாகத் தெரியவில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

எல்லாவற்றையும்விடக் குடும்பங்களைத் துன்புறுத்துவது சாப்பாடு. "பட்டினி போட்டுக் கொன்றுவிட்டோமா?" என்று இறந்த பிறகும் கேட்பவர்கள் உண்டு. சாகிறவர் சாப்பிடாததால் சாகவில்லை. உடல் அணைந்துகொண்டிருப்பதால் பசிக்கவில்லை. அந்நிலையில் வலுக்கட்டாயமாக ஏற்றும் டிரிப்ஸ் கைகால் வீக்கத்தையும் தொண்டைச் சளியையும் கூட்டுவதுண்டு. உதடும் நாக்கும் காயாமல் ஈரப்படுத்திக்கொண்டே இருங்கள். தாகத்தின் பெரும்பகுதி வாய் உலர்வதுதான். ஊட்ட வேண்டும் என்று துடிக்கும் கைக்கும் அது ஒரு வேலை தரும்.

வீட்டின் பலவீனம் பராமரிப்பவர். ஒருவரால் முடியாது. நான் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன், ஒருவரால் முடியாது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று குறைந்தது இரண்டு பெரியவர்கள் வேண்டும். பெரும்பாலும் ஒரே பெண், மனைவியோ மகளோ மருமகளோ, இரண்டையும் சுமந்து, மூன்றாவது வாரத்தில் நின்றபடியே தூங்குவாள். இறப்பதற்கு முன்பே தொடங்கிவிடும் துக்கம் ஒன்று உண்டு. 1944இலேயே மனநல மருத்துவர் எரிக் லிண்டெமன் அதைக் குறித்து எழுதினார். துணி மாற்றிக்கொண்டும் மருந்து கலக்கிக்கொண்டும் இருக்கும் அவளுக்கு அந்தத் துக்கத்தைப் படக்கூட நேரம் கிடைக்காது. இதற்கிடையில் தொலைவிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் பிள்ளை ஒருவர், "ஏன் இன்னும் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை?" என்று சண்டையைத் தொடங்குவார். அவரைக் கோபிக்காதீர்கள். நீங்கள் ஆறு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொண்டதை அவர் ஒரே நாளில் பார்க்கிறார். முடிவு எடுக்கும் பேச்சில் முதல் நாளிலிருந்தே அவரைத் தொலைபேசியிலாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்பிஸ்

இந்தச் சொல்லுக்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். சொல்லுக்கு அஞ்சுவது புதிதல்ல. கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1975இல் இத்தகைய பிரிவைத் தொடங்கிய மருத்துவர் பால்ஃபர் மவுண்ட், பிரெஞ்சு மொழியில் ஹாஸ்பிஸ் என்றால் ஆதரவற்றோர் விடுதி என்று ஒலிக்கிறது என்பதால்தான் 'நோய்த் தணிப்புச் சிகிச்சை' என்ற வேறு பெயரைக் கொண்டுவந்தார்.

அங்கே போனால் சீக்கிரம் செத்துவிடுவார் என்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். 2010இல் அமெரிக்காவில், நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்டதாகப் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே நோய்த் தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களின் வாழ்க்கைத்தரம் மேம்பட்டிருந்தது. மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் வாழ்ந்த இடைநிலைக் காலமும் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். இது புறநோயாளிகளிடம் நடந்தது, ஹாஸ்பிஸ் கட்டிலில் அன்று. ஆனாலும், வலியைக் கவனித்துக்கொள்ளத் தொடங்குவது உயிரைக் கைகழுவுவது ஆகாது என்பதற்கு இந்த எண்கள் போதும். ஹாஸ்பிஸுக்கு வந்து, வலியைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு வாரத்தில் வீடு திரும்புகிறவர்களும் உண்டு.

ஹாஸ்பிஸின் பெரிய நன்மை குடும்பத்துக்கு. துடைப்பதும் திருப்பிப் படுக்கவைப்பதும் எங்கள் வேலை ஆகிவிடும்போது, மகள் மீண்டும் மகளாக உட்கார்ந்து பேச முடிகிறது. இரவு இரண்டு மணிக்கு அங்கே ஒருவர் விழித்திருப்பார். ஊசி போடத் தெரிந்தவராகவும் இருப்பார். குறை என்றால், கட்டில்கள் குறைவு, தூரமாக இருக்கும், சில இடங்களில் நோயை எதிர்க்கும் சிகிச்சையை நிறுத்தினால்தான் சேர்ப்பார்கள். குடும்பங்களும் மிகத் தாமதமாக, நினைவு தப்பிய பிறகே கொண்டுவருகிறார்கள். பேசக் கூடிய நாட்கள் அதற்குள் கடந்துபோயிருக்கும்.

நான் எப்படிச் சொல்வேன்

திருப்பக்கூடிய இடர் இருந்தால் மருத்துவமனை. அது இல்லாமல், பகலிரவு மாற இரண்டு பெரியவர்களும், எந்நேரமும் தொலைபேசியை எடுக்கும் செவிலியரோ மருத்துவரோ இருந்தால் வீடு. இவற்றில் ஒன்று குறைந்தாலும், கட்டில் கிடைக்குமானால் ஹாஸ்பிஸ். என் கட்சி இதுதான்.

இதை உடைக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் உண்டு, படுத்திருப்பவருக்கு. ஒரு பெண்மணிக்கு மூன்று பிள்ளைகள், பெரிய வீடு, எல்லா வசதியும் இருந்தன. "அந்த அறையில் என் பேரப்பிள்ளைகள் நாளை படிக்க வேண்டும், நான் அங்கே சாகமாட்டேன்" என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளுக்கு அது அவமானமாகப் பட்டது. அவர் கேட்டபடிதான் நடந்தது. அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

எடுத்த முடிவு மாறலாம். சாவை எதிர்கொள்பவர்களின் மனநிலைகளாக மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் சொன்ன மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்ற ஐந்தையும் படிக்கட்டுபோல் ஏறிப் போவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒரே நாளில் மூன்றைத் தொட்டுத் திரும்புகிறவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நேற்று ஏற்றுக்கொண்டவர் இன்று புது மருத்துவரைத் தேடச் சொல்லுவார். ஆகவே, "எக்காரணத்தைக் கொண்டும் உங்களை மருத்துவமனைக்கு அனுப்பமாட்டோம்" என்று கைமேல் சத்தியம் செய்யாதீர்கள். வலி கைமீறிய ஓரிரவில் அந்தச் சத்தியத்தை உடைத்த மகன்கள் ஆண்டுக்கணக்கில் அதைச் சுமக்கிறார்கள். தனியாக விடமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள். அதை மூன்று இடங்களிலும் காப்பாற்ற முடியும்.

கண் திறக்காத கடைசி மணிகளிலும் பேசிக்கொண்டிருங்கள். கனடாவில் ஒரு ஹாஸ்பிஸில் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், எதற்கும் அசையாத நிலையிலிருந்த சிலரின் மூளை, ஒலிகளுக்கு நலமான இளைஞர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது.

நாளை காலை மருத்துவர் சுற்றுக்கு வரும்போது கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருப்பக்கூடியது ஏதாவது மீதி இருக்கிறதா? இடையில் வலி வந்தால் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒருமுறை? விழுங்க முடியாமல் போனால் அதற்குப் பதில் எது? வீட்டில் இறந்தால் சான்றிதழ் யார் தருவார்? கடைசியாக, இரவு இரண்டு மணிக்கு நான் அழைத்தால் எடுப்பவர் யார்? இதற்கு மட்டும் பதிலாக ஒரு பெயரும் ஓர் எண்ணும் தாளில் ஏறும்வரை, வீட்டுக்கு அழைத்துப்போக ஆம்புலன்ஸை வரச்சொல்லாதீர்கள்.